தெக்லா வீட்டுப் புறவாசலில் ஓகே பட்டன்

குடத்தைக் கவுத்துங்க. கவுத்தி அது மேல உக்காருங்க. ஏட்டி ஸ்டெல்லா, அந்தப் பக்கம் குசுகுசுத்தது போதும், உம் மாமியா வச்ச மீன்கொழம்பு எங்கயும் ஓடிராது, நாளைக்கும் அது அப்படியேதான் இருக்கும், நாளைக்குப் பேசிக்கிடலாம். தண்ணி லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு என்னைக்கு வந்திருக்கான், இன்னைக்கு வாறதுக்கு. எல்லாரும் வாயை மூடுங்க. தெக்லா, உன்னைச் சொல்லல, நீ தொறந்தாத்தான மூடுறதுக்கு. ஏன் குடத்தை இடுப்புலயே வச்சுட்டு நிக்க, கவுத்தி உக்காரேன். மாட்டா. சரி, நில்லு.

இந்தப் புதுப்பொண்ணு நேத்து கல்யாண ஊர்வலத்துல ஏங்கிட்ட கேட்டா, 'அத்தை, நம்ம ஊரு பேண்டு போனா பின்னாலயே ஏன் இத்தன பூனை போவுது'ன்னு. கேட்டுட்டு அவளே சிரிச்சுக்கிட்டா. சிரிக்காத மக்கா. வேற ஊரு பேண்டுக்குப் பின்னால சின்னப்புள்ளைய போவும், நம்ம பேண்டுக்குப் பின்னால பூனை போவும், அதுக்கு ஒரு வெவரம் இருக்கு, அந்த வெவரத்துல பாதி என்னோட வாளைக் கருவாடு, மீதி இந்தா நிக்காளே தெக்லா, அவ வீட்டுக் கோழி.

ஐஸ் கம்பெனி ரோக்கு அண்ணனைத் தெரியும்ல உனக்கு. பகல்ல ஐஸ் உடைப்பாவ, சாயந்தரம் கிளாரினெட் ஊதுவாவ, ரெண்டுக்கும் மூஞ்சி ஒண்ணுதான், பல்லுவலிக்காரன் மூஞ்சி. அவியளுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. நம்ம பேண்டு மாதா சப்பரத்துக்கு வாசிக்கது பூரா அடுத்த ஊர்க்காரன் போட்ட மார்ச்சு மெட்டு, நம்ம ஊரு மாதா நம்ம ஊருல ஒருத்தன் போட்ட மார்ச்சுக்கு நடந்து வரணும்னு அவிய ஒண்ணு போட்டாவ. போட்டது தப்பில்ல. அதைக் கையால எழுதி எல்லாருக்கும் குடுத்தாவ பாரு, அதுதான் தப்பு. அவிய கையெழுத்தும் கோழி கிளறுன மண்ணும் ஒண்ணு. பாதிப்பேரு அதை ஒரு மாதிரி வாசிச்சான், மீதிப்பேரு வேற மாதிரி வாசிச்சான், சப்பரம் தூக்குனவன் எந்தத் தாளத்துக்குக் கால் வைக்கன்னு தெரியாம முன்னால நின்னவன் முன்னுக்கு இழுக்க, பின்னால நின்னவன் பின்னுக்கு இழுக்க, மாதா நடுத்தெருவுல ஆடிக்கிட்டே நின்னாவ.

அடுத்த திருவிழா வந்துச்சு. நம்ம ஃபாதரு கூப்பிட்டு விட்டாவ. ஃபாதரு பேச்சுக்கு ஒவ்வொண்ணுக்கும் வாலு உண்டு, கேளு: "ரோக்கு, கொடியேத்தத்துக்கு முந்தி, இல்லையா, அச்சடிச்ச பேப்பரு ஒவ்வொருத்தன் கையிலயும் ஒண்ணு போல இருக்கணும், இல்லையா. இல்லன்னா பெர்க்மான்ஸ் மைக் செட்டுதான் சப்பரத்துக்கு முன்னால போவும். பேண்டு கெடயாது. இந்த வருசம் மட்டும் இல்ல, இனிமேலே கெடயாது, இல்லையா."

இல்லைன்னு சொல்லுதாவளா ஆமான்னு சொல்லுதாவளான்னே தெரியாது, ஆனா ரோக்கு அண்ணனுக்குத் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து கிளாரினெட்டை மடியில வச்சுக்கிட்டு, ஐஸு உருகுத மாதிரி உக்காந்திருந்தாவ.

அந்த நேரத்துலதான் அவிய மச்சினன் லியோன் வந்தான், கப்பல்ல வேலை பாக்கவன், எறங்கி வந்தா ஒரு மாசத்துக்கு நம்மட்ட பேசும்போதும் கப்பல்ல நிக்க மாதிரி காலை அகட்டித்தான் நிப்பான். ஒரு போனு கொண்டாந்தான், செங்கல்லு கனம்.

"மச்சான், இது பாக்கத்தான் போனு, உள்ளுக்குள்ள கம்ப்யூட்டரு. லினக்ஸு. கம்ப்யூட்டர்ல என்னென்ன ஓடுமோ அம்புட்டும் இதுல ஓடும்."

"வாட்ஸ்அப் ஓடுமால?"

"அது ஓடாது."

"ஆளுக்கு அடிச்சுப் பேசலாமா?"

"சில நேரம் பேசலாம்."

"ஏல, அதனாலதான் எனக்குத் தாறியா."

ஆனா லியோன் விடல. கம்ப்யூட்டர்ல பாட்டு எழுதுத புரோகிராம் ஒண்ணு இருக்காம், அஞ்சு கோடு போட்டு அது மேல சுரத்தைக் கறுப்புப் புள்ளியா வச்சுக்கிட்டே போனா அச்சு மாதிரி வந்து நிக்குமாம், பெரிய டிவி அம்புட்டு ஸ்கிரீனுல ஓடவேண்டியது, அதைக் கொண்டு இந்தச் செங்கல்லுக்குள்ள ஏத்திட்டான். டீக்கடை பெஞ்சுல உக்காந்து ரோக்கு அண்ணன் தொடுதாவ, போனுக்குத் தெரியல. ஐஸ் உடைச்ச விரலு, செத்த மீனு மாதிரி சில்லுன்னு இருக்கும், ஆளு தொட்டதாவே அது எடுத்துக்கிடல. டீ கிளாஸைப் பிடிச்சு விரலைச் சூடுபண்ணித் தொட்டாவ. ஒரு சக்கரம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு, டீ ஆறிப்போச்சு, போனு டீயை விடச் சூடாச்சு, பெறவுதான் தொறந்துச்சு. தொறந்தா அதுல ஒரு மூலைதான் போனுக்குள்ள கொண்டுச்சு. மிச்சத்துக்கு எடம் இல்ல. பெரிய ஆளு சின்ன வேன்ல ஏறுனா கையை, காலை வெளிய நீட்டிக்கிடுத மாதிரி, மிச்சம் பூரா வெளிய வந்துருச்சு.

வெளியன்னா தெருவுக்கு.

அஞ்சு கோடும் போன் ஓரத்துல இருந்து கெளம்பி, டீக்கடை வாசலைத் தாண்டி, ரோட்டுக்குக் குறுக்க, என் முத்தத்து மேலகூடி, வலைக்கூடத்தை ஒட்டி, தெக்லா வீட்டுப் புறவாசல் வரைக்கும் போயி, அங்கன முருங்கை மரத்தைச் சுத்தித் திரும்பி எதிர்வரிசை வீடு வழியா வந்துச்சு, ஆள் ஒசரத்துல, இழுத்துக் கட்டுன மாதிரி. மேல இருக்க வேண்டிய மெனு கோயில் மணிக்கூண்டுல இருந்து ஐஸ் கம்பெனி தகரம் வரைக்கும் வரிசையாத் தொங்குச்சு. பக்கத்துல ஏத்தி எறக்க ஒரு பட்டை உண்டாம், அது ரேஷன் கடை வாசல்ல கரண்டு மரம் மாதிரி நின்னுச்சு.

யாரும் பெருசா ஒண்ணும் நெனைக்கல. நம்ம கடலுக்குப் பக்கத்துல இருக்கவங்க, காலைல எந்திரிச்சா வாசல்ல என்ன ஒதுங்கிக் கெடக்கும்னு யாருக்குத் தெரியும். ரேஷன் கடைக்கு வந்த சூசை தாத்தா மட்டும் ஊனி நிக்க எடம் தேடி அந்தப் பட்டையைப் பிடிச்சுக் கீழ இழுத்துட்டாரு, நாங்க எல்லாரும் அடுப்போட, சட்டியோட ஒரு முழம் மேல போயி நின்னோம், அவரு விட்ட பெறவு எறங்குனோம், கொழம்பு ஒரு சொட்டு சிந்தல. அதுல 'இழுக்காதீர்'னு எழுதி மாட்டுனாவ. அதுக்குப் பெறவுதான் எல்லாரும் இழுத்தாவ. மணி அடிக்கப்போன உபதேசியாருக்கு அந்த மெனுவுல தலை முட்டி, செஞ்சதைச் செய்யாததா ஆக்குத பட்டன் அமுங்கிருச்சு, அன்னைக்குக் காலைல பாத்த பூசை பாக்காத பூசையாப் போச்சு. மறுபடி குளிச்சு மறுபடி போனோம். ஃபாதரு அதே பிரசங்கம் வச்சாவ. ரெண்டாவது தடவை நல்லாருந்துச்சு, நான் முழிச்சிருந்தேன்.

கரண்டு ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. கோட்டைத் தட்டிப் பாத்தாரு, காதை வச்சுப் பாத்தாரு. மூக்கால பேசுவாரு அவரு: "இது எங்க ஒயரு இல்லம்மா. வேணும்னா துணி காயப் போட்டுக்கோங்க."

கவர்மெண்டு ஆளே சொன்ன பெறவு நம்ம சும்மா இருக்க முடியுமா. நான் எம்புட்டு காலமா மண்ணுல கருவாடு காயப் போடுதேன், நாயை வெரட்டணும், காக்காவை வெரட்டணும், தின்னும்போது பல்லுல மண்ணு நறநறங்கும். இந்தா என் முத்தத்து மேலயே வெயிலும் காத்துமா அஞ்சு கொடி போவுது. ஒரு வாளையை வாலைக் கட்டித் தொங்கவிட்டேன்.

அங்க ஐஸ் கம்பெனிக்குள்ள ரோக்கு அண்ணன் பாக்கெட்டுல போனு 'பூ…ம்'னு பாடுச்சாம். ஐஸ் உடைக்க கட்டையோட ஓடியாந்தாவ.

"யாரு எழுதுனது? என் மார்ச்சுல யாரு கை வச்சது?"

"கை யாரும் வைக்கல அண்ணே. வாலுதான் வச்சிருக்கு."

கோட்டுல எது தொங்குனாலும் அது சுரம்னு எடுத்துக்கிடுச்சு அந்தப் புரோகிராமு, அதுக்கு மீனு எது, புள்ளி எதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா. வாளை நீட்டமாத் தொங்குனா சுரமும் நீட்டமா இழுக்கும், சாளை சின்ன மீனு, டக்குன்னு முடிஞ்சிரும், புள்ளை தூளித்துணி காத்துல ஆடுனா சுரமும் ஆடும், காக்கா வந்து ஒக்காந்தா அதுக்கு ஒரு சுரம் விழும், பறந்து போனாலும் அது போவாது. பாவம் ரோக்கு அண்ணன். தெனமும் சாயந்தரம் வேலை முடிஞ்சு வந்து, போனைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தெருவு நீளத்துக்கு நடப்பாவ, நடந்து பாத்தாத்தான அவிய எழுதுனதே அவியளுக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, "மைனி, உங்க நைட்டி என் ரெண்டாவது வரியில கெடக்கு, கொஞ்சம் எடுத்துக்கிடுதியளா," அடுத்த வீட்டுல, "அக்கா, இந்தக் கோமணம் ரொம்ப ஒசந்த சுரம், டிரம்பெட்காரனுக்கு மூச்சு பத்தாது." எடுப்போம். அவிய அழிச்சுட்டு, விரலைச் சூடுபண்ணிக்கிட்டு, தன்னோட புள்ளியை வைப்பாவ. மறுநாள் மத்தியானம் நாங்க வேற தொங்கவிடுவோம். கெட்ட எண்ணம் ஒண்ணும் கெடயாது, காயவேண்டியது காயணும்ல. சொல்லப்போனா ஒரு பெருமைதான். ஸ்டெல்லா மாமியா கோயில்ல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாவ, "நேத்து என் சாளை நல்லா பாடுச்சு, போனுலயே கேட்டேன்"னு.

பெர்க்மான்ஸ் ஒரு நாளு வந்தான். மைக் செட்டுக்காரன், மைக் இல்லாட்டாலும் ஊதிட்டுத்தான் பேசுவான். "ஃபூ. ஃபூ. ரோக்கு. கோடெல்லாம் பாத்தேன். நல்லாத்தான் கெடக்கு. பேப்பரு எங்க?"

"வரும்."

"ஃபூ. வரட்டும். நான் பாக்ஸைத் தொடச்சு வைக்கேன்."

கொடியேத்தத்துக்கு மொத நாளு மார்ச்சு முடிஞ்சுது. நாங்களும் மனசாட்சி உள்ளவங்கதான், ஒரு மீனு இல்லாம, ஒரு துணி இல்லாம எடுத்துட்டோம். கோடு பூரா அவிய புள்ளி மட்டும், கறுப்பா, மழை நின்னபெறவு கொடியில தண்ணி நிக்குமே அந்த மாதிரி, போற எடமெல்லாம் பளபளன்னு. தெக்லா வீட்டுப் புறவாசல்ல மட்டும் முருங்கைக் கொப்பு இடிச்சு புள்ளி நிக்கலன்னு அங்க ஒரு துண்டு வெறுசா விட்டிருந்தாவ, அதுக்குப் பேரு ஓய்வாம், பேண்டு பூரா வாயை எடுத்துட்டு நிக்கணுமாம். அவிய அதைப் பாத்துக்கிட்டே நின்னாவ. அன்னைக்குத்தான் அந்த மூஞ்சியில பல்லுவலி இல்லாம பாத்தேன்.

சேத்து வைன்னு போன்ல தொட்டாவ. வலைக்கூடத்துச் சுவத்துல ஒரு பெட்டி வந்து விழுந்துச்சு, உள்ள எழுத்து. லியோன் காலை அகட்டி நின்னு வாசிச்சான். "இதைச் சேத்து வைக்கவான்னு கேக்குது மச்சான். ஓகேயை அமுக்குங்க."

"எங்கல இருக்கு ஓகே?"

போனுல இல்ல. சுவத்துல இல்ல. தெருவுல இல்ல. தேடுனா அது தெக்லா வீட்டுப் புறவாசல்ல விழுந்து கெடக்கு, முருங்கை மரத்துக்கு அடியில, கட்டில் அம்புட்டுக்கு, சாம்பல் கலருல, மண்ணுல படாம ஒரு சாண் தூக்கலா. அமுக்குனா அந்த ஒரு சாணும் எறங்கும். அந்த ஒரு சாணுக்குள்ளதான், ஓட்டைக் கூடையில, தெக்லாவோட கறுப்புக் கோழி அடை உக்காந்திருந்துச்சு. அவளுக்கு இருக்கது அந்த ஒரு கோழி. அதுக்கு யாரோ கூரை போட்டுக் குடுத்தாவன்னு நெனைச்சு அது நல்லா பம்மி உக்காந்துக்கிடுச்சு.

ஊரே வேலியில வந்து நின்னுச்சு. ஒருத்தன், கோழியைத் தூக்குங்கான். இன்னொருத்தன், முட்டையைத் தூக்குங்கான். அடைக்கோழியை எடம் மாத்துனா முட்டையை விட்டுட்டு எந்திரிச்சுப் போயிரும்னு அம்புட்டுப் பேருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லிப் பாக்கான். தெக்லா கேட்டுட்டு உள்ள போனா. வலையை எடுத்துட்டு வந்து, பட்டனுக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, வலையில கிழிஞ்ச கண்ணைத் தைக்க ஆரம்பிச்சா.

ஃபாதரு வந்தாவ. "ஒரு கோழிக்காக மாதா காத்துட்டு இருக்கணும், இல்லையா?" கேட்டுட்டுக் குனிஞ்சு பட்டனுக்கு அடியில பாத்தாவ. கோழி ஒத்தக் கண்ணால அவியளைப் பாத்துச்சு. இவிய பாக்க, அது பாக்க, இவிய பாக்க. நிமிந்து அங்கியைத் தட்டுனாவ. "சரி. அவங்களும் தாய்தான, இல்லையா. காத்திருப்பாங்க. கொடியேத்தத்துக்கு மைக் செட்டு போடட்டும். சப்பரத்தன்னைக்கு வரைக்கும் பாப்போம் ரோக்கு. அதுக்கு மேல என் கையில இல்ல, இல்லையா."

லியோன் சொல்லிட்டான், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுத வரைக்கும் போனு வேற வேலை பாக்காது, விரலால எழுதவும் விடாது, அழிக்கவும் விடாது, ஆஃப் பண்ணுனா மார்ச்சு பூரா போச்சுன்னு. அதனால போனு டீக்கடையிலயே சார்ஜர்ல கெடந்துச்சு. ரோக்கு அண்ணன் வேலைக்குப் போவும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை வேலியில வந்து நிப்பாவ. "தெக்லா, எப்ப?" இவ உள்ளங்கையைக் காட்டுவா, பொறுங்கன்னு. குருணையைக் காயிதத்துல மடிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போவாவ. ஊருக்கு மார்ச்சு எழுதுன மனுசன் கோழிக்கு வேலைக்காரனாப் போனாவ.

நாங்க எம்புட்டு நாளுதான் ஈரத்துணியைக் கையில வச்சுக்கிட்டு நிக்க. திருவிழாவுக்கு ஒறம்பரை சனம் வேற வந்தாச்சு, மீனும் அன்னைக்குப் பாத்து மலிஞ்சு கெடக்கு. நான் ஒரு வாளையைத் தொங்கவிட்டேன். அழிக்க முடியாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான். என்னைப் பாத்து அவ, அவளைப் பாத்து இவ, தெருவு பூரா மறுபடி காய ஆரம்பிச்சுருச்சு. டீக்கடையில போனு பூம், டக்கு, பூம்னு அனத்திக்கிட்டே கெடக்கும். ரோக்கு அண்ணன் கோட்டைப் பாக்கதையே விட்டுட்டாவ.

தெக்லா எங்க? இம்புட்டு நேரம் இங்கனதான நின்னா. போட்டும், அவ கதையை அவ கேக்காட்டா என்ன.

சப்பரத்தன்னைக்குக் காலைல கரண்டு போச்சு. மொத நாளு நல்ல மழை, எங்கயோ ஒயரு அறுந்துருச்சு. அந்தப் போனு சும்மாவே சார்ஜைக் குடிக்கும், சுடவச்ச மணல்ல தண்ணி ஊத்துத மாதிரி. ஓரத்துல செவப்பு வந்துருச்சு. கோழி எந்திரிக்கல. ரோக்கு அண்ணன் போனை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுக் கோயிலுக்கு முன்னால ஓடுதாவ, ஊருல ஜெனரேட்டர் ஒருத்தன்ட்டதான் இருக்கு, அவன் பெர்க்மான்ஸ். அவன் பாக்ஸெல்லாம் அடுக்கி, அது மேல மாலை போட்டு, பாட்டும் போட்டாச்சு. எல்லாரும் போய் நின்னோம், அடிதடி நடந்தா பாக்கணும்ல.

பெர்க்மான்ஸ் போனைப் பாத்தான். கோட்டைப் பாத்தான். ஊதவே இல்ல, நேரா பேசுனான். "மூணாவது கோட்டுல என் மைக் ஒயரைச் சுருட்டித் தொங்கவிட்டிருக்கேன். நேத்து மழையில நனைஞ்சது. அது என்ன சுரம் ரோக்கு?"

"தெரியாது. நான் பாக்கல."

"வாசிச்சாத்தான் தெரியுமோ?"

"வாசிச்சாத்தான்."

அவன் பாக்ஸோட பிளக்கைப் பிடுங்கிட்டு போனைச் சொருகுனான். பாட்டு நின்னுச்சு. "ஃபூ"ன்னு பெறவுதான் ஊதுனான், அது பெருமூச்சா என்னன்னு தெரியல.

வந்துட்டியா தெக்லா. என்ன, வாயைத் தொறந்து தொறந்து மூடுதா, கொட்டாவியா. உக்காரு. அந்தா பாருங்க, குடத்தை எம்புட்டு மெதுவா வைக்கா, வெறுங்கொடத்தை நெறகொடம் மாதிரி. பொறு, பேசாத, உன் கட்டம்தான் வருது.

வெயில் சாஞ்ச நேரம். சப்பரத்துக்குப் பூ வச்சு முடிச்சாச்சு. நான் என் முத்தத்துல நின்னு பக்கத்து வீட்டுக்காரிட்ட ஒரு விசயம் பேசிட்டு இருந்தேன், முக்கியமான விசயம், இப்ப ஞாபகம் இல்ல. தெக்லா வீட்டுப் புறவாசல்ல குஞ்சு பொரிச்சு ஒவ்வொண்ணா வெளிய வந்திருக்கு. இவ யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. கோழியையும் குஞ்சையும் வேற கூடைக்கு மாத்துனா, கூடையை இடுப்புல வச்சா, சேலையை ஒதுக்கிக்கிட்டு, கட்டில்ல உக்காருத மாதிரி அந்தப் பட்டன் மேல உக்காந்தா.

களுக்.

தூண்டில் கயித்தைச் சுருட்டுத மாதிரி அஞ்சு கோடும் போனைப் பாத்து ஓடுச்சு, தொங்குனது எல்லாத்தோடயும். தூளி போச்சு, நைட்டி போச்சு, மைக் ஒயரு போச்சு, மணிக்கூண்டு மெனு போச்சு, சூசை தாத்தா சாஞ்சு நின்ன பட்டை போச்சு, அவரு விழுந்தாரு. என் வாளை வரிசை வரிசையாப் போவுது. நான் ஒண்ணோட வாலைப் பிடிச்சு இழுத்தேன். வாலு என் கையில நின்னுச்சு, மீனு போயிருச்சு.

ஜெராக்ஸ் கடையில அச்சடிச்சு எடுத்தாவ. கடைக்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் ஒவ்வொரு தாளா எடுத்தான், அம்புட்டும் கருவாட்டு வாசம். ரோக்கு அண்ணன் தாளைப் பாத்தாவ. அவிய புள்ளிக்கு நடுவுல நாங்க, எங்களுக்கு நடுவுல அவிய. கோயில் படியில உக்காந்துட்டாவ. "ஃபாதர், இது என் மார்ச்சு இல்ல."

"பேப்பரு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எல்லாருக்கும் ஒண்ணு போல இருக்கா, இல்லையா?"

"இருக்கு ஃபாதர்."

"அப்ப எந்திரிச்சு வாசிப்பா."

வாசிச்சாவ மக்கா. மொதல்ல யாருக்கும் புடிபடல, என்னமோ கடலு காலைல கரையைத் தட்டுத மாதிரி கெளம்புச்சு, கிளாரினெட் ஒரு வழியில போவுது, அதுக்குள்ள யூபோனியம், அந்தப் பெரிய பித்தளைக் குழலு, வந்து என் வாளை மாதிரியே நீட்டமா இழுக்குது, அந்த வாலு அறுந்த எடத்துல டக்குன்னு நிக்குது, சாளை சரம்சரமா டிரம்புல விழுது, காக்கா ஒக்காந்த எடத்துல டிரம்பெட் கா-ன்னு ஒரு தரம் கத்திட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி போவுது, ஸ்டெல்லா மாமியா கூட்டத்துல நின்னு, "ஏ, அது என் நைட்டி"ங்காவ, பெர்க்மான்ஸ் கண்ணை மூடிக் காத்துட்டு நின்னான், மைக் ஒயரு வந்துச்சு, சுருள்சுருளா, மேல ஏறி, கீழ எறங்கி, பேண்டு பூரா அதுல சுத்தி வெளிய வந்துச்சு, அவன் கண்ணைத் தொறக்கவே இல்ல. எல்லாருக்கும் ஒரே தாளு, ஒரே தாளம், சப்பரம் தூக்குனவன் அம்புட்டுப் பேரும் ஒண்ணா கால் வைக்கான், மாதா தண்ணி மேல போற மாதிரி போறாவ. ஊருல இருக்க பூனை பூரா வாசம் பிடிச்சு, வாலைத் தூக்கிக்கிட்டு, வரிசையாப் பின்னால வருது. அன்னைக்கு வர ஆரம்பிச்சதுதான். அந்தத் தாளை வச்சுத்தான இன்னைக்கும் வாசிக்காவ.

தெருவு பாதியில அந்த எடம் வந்துச்சு. தெக்லா வீட்டுப் புறவாசல் எடம். ஊரு பூரா எல்லாத்துலயும் என்னத்தையாவது தொங்கவிட்டாச்சு, இவ மட்டும் ஒண்ணும் தொங்கவிடல, ரோக்கு அண்ணன் எழுதுன ஓய்வு எழுதுன மாதிரியே இருக்கு. பேண்டு பூரா ஒண்ணா நின்னுச்சு. சப்பரம் நின்னுச்சு. நாங்க நின்னோம், நான்கூட பேசல, கேட்டுக்கோ. அந்த அமைதியில, கூட்டத்துல எங்கயோ நின்ன இவ இடுப்புக் கூடையில இருந்து, கிய், கிய், கிய்னு குஞ்சு கத்துனது மாதா வரைக்கும் கேட்டுச்சு. ரோக்கு அண்ணன் கிளாரினெட்டை வாயில வைக்க மறந்து சிரிச்சாவ. இருந்தாலும் சரியான எடத்துல மறுபடி பாட்டை எடுத்துட்டாவ, எல்லாரும் ஒண்ணா எடுத்துட்டாவ.

முடிஞ்ச பெறவு ஃபாதரு கேட்டாவ, "நல்ல மார்ச்சு, யாரு போட்டது, இல்லையா?" ரோக்கு அண்ணன் தெருவைத் திரும்பிப் பாத்துட்டு, "நாங்கதான் ஃபாதர்"ன்னாவ.

இம்புட்டுதான் மக்கா வெவரம். எல்லாருக்கும் நல்லதாப் போச்சு. ரோக்கு அண்ணனுக்கு மார்ச்சு, பெர்க்மான்ஸுக்கு அவன் சுரம், பூனைக்கு வாசம், கோழிக்குக் குஞ்சு. ஊருல இருக்க எல்லாரு குரல்லயும் நான் பேசிக் காட்டிருவேன், ஃபாதரு, பெர்க்மான்ஸ், லியோன், கோழிகூட. இந்தா நிக்கா பாரு, இவ குரலு மட்டும் எனக்கு வராது, கேட்டாத்தான வரும். ஏட்டி தெக்லா, இன்னைக்கு இத்தன பேரு முன்னால கேக்கேன், பதில் சொல்லணும். உக்காருததுக்கு முன்னால எட்டிப் பாத்து, 'அக்கா, அமுக்கப் போறேன், மீனை எடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாளை எனக்கு மிஞ்சியிருக்கும்ல. சொன்னா என்ன, வாயில முத்தா கொட்டிரும்? எல்லாரும் அமைதியா இருங்க. தொறக்கா, தொறக்கா, பேசப் போறா.

"அன்னைக்கும் சொல்லத்தான் வந்தேன் அக்கா, நீங்க பேசிட்டு இருந்திய. இன்னைக்கும் சொல்லத்தான் நிக்கேன். லாரி வந்துட்டுப் போயிருச்சு."